மலை ஏறும் ஆசிரியர், அடிவாரத்தில் நிற்கும் குறிப்பு

பள்ளிப் பணியாளர்களின் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு: தமிழ்நாடும் இங்கிலாந்தும், ஓர் ஒப்பாய்வு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைத் தாண்டி ஏற்காடு வந்து, அங்கிருந்து இன்னும் உள்ளே போனால் நாகலூர். காப்பிச் செடியும், நிழல் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியுமான இந்தச் சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தாயும் தகப்பனும் காலையில் தோட்டத்துக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். அதுவரை பிள்ளை பள்ளிக்கூடத்தின் பொறுப்பு. உண்டு உறைவிடப் பள்ளியில் விட்ட பிள்ளையென்றால் இரவும் பள்ளியின் பொறுப்புதான்.

அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்ல மலைக்குக் கீழேயிருந்து ஒருவர் பஸ் ஏறி வருகிறார். ‘எந்த ஊரு சார்? என்ன பாடம் எடுக்கறீங்க?’ என்று பெற்றோர் கேட்பார்கள். அதற்கு மேல் கேட்கக் கூச்சம். பி.எட். முடித்தாரா, தகுதித் தேர்வில் தேறினாரா என்பதை அரசு கேட்டுக்கொள்ளும். மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. இதற்கு முன் பிள்ளைகளோடு இருந்த இடத்தில் இவர் எப்படி நடந்துகொண்டார்? அதைக் கேட்கும் கடமை யாருக்கு? கேட்டால் பதில் சொல்லும் ஏடு எங்கே இருக்கிறது? ஆசிரியர் மலை ஏறி வந்துவிடுகிறார். அவரைப் பற்றிய குறிப்பும் கூடவே ஏறி வருகிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

ஏன் இந்த இரண்டு?

ஒப்பிட எத்தனையோ நாடுகள் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் கைரேகை கொடுக்காமல் ஆசிரியர் உரிமமே கிடைக்காது. அங்கே குற்றப் பின்னணிச் சோதனை வேலைக்கான நிபந்தனையாக வருவதற்கு முன்பே, ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வதற்கான நிபந்தனையாக வந்துவிடுகிறது. நம் ஊரில் கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ஆசிரியரின் கல்வித் தகுதியைப் பேசுகிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அந்தத் தகுதியை வகுக்கிறது. தகுதித் தேர்வு எழுத்துத் தேர்வு, அது பாட அறிவையும் கற்பித்தல் அறிவையும் மட்டும் அளக்கும். நடத்தையை விசாரிக்கும் வேலை, பணி நியமனத்தின் தலையில் விழுகிறது.

இங்கிலாந்திலும் அப்படித்தான். ஆளை வேலைக்கு எடுக்கும் பள்ளிதான் சோதனை கேட்க வேண்டும். அடிப்படை ஏற்பாடு ஒன்றுபோல இருப்பதால், வேறுபாடு எங்கே என்பது தெளிவாகத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன். காப்பியின் பின்னால் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வந்தார்கள். பிறகு மிஷனரிகளின் உறைவிடப் பள்ளிகளும் வந்தன. பெற்றோரைப் பிரிந்து பிள்ளைகள் மலையில் தங்கிப் படிக்கும் வழக்கமே அந்தக் காலத்தின் எச்சம். அந்த வழக்கத்தை நமக்குத் தந்த நாடு, தன் பிள்ளைகளைக் காக்க என்ன கற்றுக்கொண்டது என்று பார்ப்பது பொருத்தமே.

இரண்டு இடங்களிலும் சட்டத்தைத் தட்டி எழுப்பியது ஒரு துயரம். ஒப்பீட்டை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

சோஹம், 2002

கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில் சோஹம் என்று ஒரு சிற்றூர். 2002 ஆகஸ்ட் 4 அன்று பத்து வயதுச் சிறுமிகள் இருவர் அங்கே காணாமல் போனார்கள். அவர்களைக் கொன்றவர் அதே ஊரின் மேல்நிலைப் பள்ளியில் பராமரிப்பாளராக வேலை பார்த்தவர். சிறுமிகள் படித்தது வேறு பள்ளி. ஆனாலும் நாடு முழுக்க ஒரே கேள்விதான் எழுந்தது: இப்படிப்பட்டவருக்குப் பள்ளிக்கூடத்தின் சாவியை யார் கொடுத்தது?

சர் மைக்கேல் பிச்சர்ட் தலைமையில் விசாரணை நடந்தது. 2004 ஜூனில் வந்த அவரது அறிக்கை, படிப்பவர் நெஞ்சை உலுக்கும். 1995க்கும் 1999க்கும் இடையே ஹம்பர்சைட் என்னும் வேறொரு காவல் வட்டாரத்தில் இந்த ஆள்மீது எட்டுப் பாலியல் குற்றச்சாட்டுகள் வந்திருந்தன. ஒன்றிலும் தண்டனை இல்லை. ஒவ்வொரு புகாரையும் தனித்தனியே பார்த்து, தனித்தனியே மூடினார்கள். எட்டும் ஒரே ஆளைப் பற்றியவை என்று சேர்த்துப் பார்த்தவர் இல்லை. 2001 இறுதியில் அவர் சோஹமில் வேலைக்குச் சேர்ந்தபோது பின்னணிச் சோதனை நடக்கத்தான் செய்தது. அவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. கேம்பிரிட்ஜ்ஷயர் காவல்துறை நாட்டின் பொதுக் கணினியில் ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடியது. வேலைக்கு எடுத்தபோது பரிந்துரைக் கடிதங்களும் முந்தைய வேலை விவரங்களும் சரிவரத் துருவிப் பார்க்கப்படவில்லை என்பதையும் அறிக்கை சுட்டியது.

சோதனை நடந்தது, படிவம் நிரம்பியது, ‘ஒன்றுமில்லை’ என்று பதிலும் வந்தது. குறிப்பு மட்டும் ஹம்பர்சைடிலேயே நின்றுவிட்டது.

பர்கூர், 2024

சேலத்துக்கு வடக்கே, தருமபுரியை அடுத்த மாவட்டம் கிருஷ்ணகிரி. 2024 ஆகஸ்ட் முதல் வாரம், பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படை முகாம் என்று அறிவித்து மாணவிகளை இரவிலும் பள்ளியிலேயே தங்கவைத்தார்கள். முகாமை நடத்தியவர்களுக்கும் தேசிய மாணவர் படைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். இன்னும் பல சிறுமிகள் தொல்லைக்கு ஆளானதாக விசாரணையில் தெரிந்தது. இதே ஆட்கள் வேறு பள்ளிகளிலும் போலி முகாம் நடத்தியது பிறகு வெளிவந்தது. விஷயம் காதுக்கு வந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். மாநில அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. சமூக நலத்துறைச் செயலாளர் தலைமையில் பல்துறைக் குழு ஒன்றையும் அமைத்தது.

இங்கே சோதனை தோற்றது என்றுகூடச் சொல்ல முடியாது, சோதனையே நடக்கவில்லை. தேசிய மாணவர் படை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். சீருடையும் விசிலும் அடையாளச் சான்றாகிவிட்டன.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பொதுக்கூறு தென்படும். இரண்டிலும் குற்றம் செய்தவர் வகுப்பு ஆசிரியர் இல்லை. ஒருவர் கட்டடத்தைப் பராமரித்தவர், மற்றவர்கள் வெளியிலிருந்து முகாம் நடத்த வந்தவர்கள். ‘சான்று பெற்ற ஆசிரியருக்குச் சோதனை’ என்று மட்டும் சட்டம் எழுதினால் இந்த இரண்டு வாசலும் திறந்தே கிடக்கும். சமையலர், விடுதிக் காவலர், ஜீப் ஓட்டுநர், விளையாட்டுப் பயிற்சியாளர் என்று பிள்ளையின் அருகே வரும் எல்லோரையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். இரண்டு நாடுகளும் இதைச் சட்டத்தில் எழுதிவிட்டன. நடைமுறையில்தான் இடைவெளி.

நான்கு கேள்விகள், இரண்டு விடைகள்

*யார் தேடுகிறார்கள்?* இங்கிலாந்தில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. 2002இல் குற்றப் பதிவேட்டு அலுவலகமாகத் தொடங்கியது, 2012 டிசம்பரில் இன்னொரு அமைப்போடு இணைந்து டி.பி.எஸ். என்ற பெயரைப் பெற்றது. பிள்ளைகளோடு வேலை செய்பவருக்கான உயர்நிலைச் சோதனையில் நாட்டின் பொதுக் குற்றப் பதிவேடு, பிள்ளைகளோடு பணியாற்றத் தடைசெய்யப்பட்டவர்கள் பட்டியல், வட்டாரக் காவல்துறையின் குறிப்பேடு ஆகிய மூன்றையும் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதைச் செய்வது காவல்துறை. அரசுப் பணிக்குத் தேர்வானவருக்கு நன்னடத்தை, முன்வரலாறு பற்றிய விசாரணை நெடுங்காலமாக உண்டு. தனியார் நிறுவனங்களும் தனிநபர்களும் ‘போலீஸ் வெரிஃபிகேஷன்’ கேட்டு மாநிலக் காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். விசாரணை பெரும்பாலும் விண்ணப்பதாரர் எழுதிக் கொடுக்கும் முகவரியை ஒட்டியே நடக்கிறது. இதில் ஒரு பலம் உண்டு. ஊர் ஸ்டேஷன்காரர் தெருவில் நாலு பேரிடம் விசாரித்தால், எந்தக் கணினியிலும் ஏறாத சங்கதி தெரியவரும். பலவீனமும் அங்கேயேதான். பிறந்த ஊரில் நல்ல பிள்ளையாக இருந்தவர், ஐந்து வருடம் வேலை பார்த்த வேறு மாவட்டத்தில் எப்படி இருந்தார் என்பதை அந்த ஸ்டேஷன் அறியாது. ஹம்பர்சைடுக்கும் சோஹமுக்கும் நடுவே விழுந்த பள்ளம் இதுதான்.

*எதைத் தேடுகிறார்கள்?* இங்கே ஆழமான வேறுபாடு இருக்கிறது. சோஹமுக்குப் பிறகு இங்கிலாந்து கற்ற பாடம், தண்டனையை மட்டும் தேடினால் போதாது என்பது. வட்டாரக் காவல் தலைமை அதிகாரி, பொருத்தமானது என்றும் சொல்லியே ஆக வேண்டியது என்றும் நியாயமாக நம்பும் தகவலை, தண்டனை இல்லாவிட்டாலும் உயர்நிலைச் சான்றில் சேர்க்கலாம்.

இந்தியாவில் 2018 செப்டம்பர் 20 அன்று பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் தொடங்கியபோது அதில் 4.4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. காவல் அமைப்புகள் மட்டுமே அதைப் பார்க்கலாம், பள்ளி நேரடியாகப் பார்க்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு சரியானதே. ஆனால் அதில் இருப்பவர்கள் தண்டனை பெற்றவர்கள். வழக்கு நடந்து தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகும் நாட்டில், தண்டனைப் பட்டியல் என்பது நேற்றைய ஆபத்தின் பட்டியல். இன்றைய ஆபத்து எஃப்.ஐ.ஆரில் இருக்கும், அல்லது ஒரு தலைமையாசிரியரின் மேசை அறையில் கிடக்கும் புகார்க் கடிதத்தில் இருக்கும்.

*எத்தனை முறை?* குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் 2020 மார்ச்சில் வந்த விதிகளில் 3ஆவது விதி நம்மிடம் உள்ள மிக வலுவான வாசகம். பிள்ளைகள் தங்கும் இடமாக இருந்தாலும், பிள்ளைகளோடு அடிக்கடி தொடர்புடைய பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக் கூடமாக இருந்தாலும், அங்கே பிள்ளையோடு தொடர்புக்கு வரும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணிச் சோதனையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் நடத்த வேண்டும் என்கிறது அது. கற்பிப்பவர், கற்பிக்காதவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதமே கிடையாது. பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுக்கும் தற்காலிக ஆசிரியரும் இதற்குள் அடக்கம். 2022இல் தமிழ்நாடு இப்படி 13,331 இடங்களை நிரப்ப முடிவெடுத்ததை நினைத்துப் பார்த்தால் இந்த வரியின் எடை விளங்கும். ஆனால் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று விதி சொல்லவில்லை. காலம் சொல்லாத கடமை, சேரும்போது ஒருமுறை செய்வதோடு முடிந்துபோகும்.

இங்கிலாந்துச் சான்றுக்கும் காலாவதித் தேதி கிடையாது. அதற்கு ஈடாக 2013இல் ஒரு புதுப்பிப்புச் சேவை வந்தது. அதில் பதிவு செய்தவரின் சான்றில் புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பள்ளி இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியா இன்னும் ஒருபடி மேலே போகிறது. உரிமம் பெற்றவர் பின்னாளில் கைதானால், அவர் கைரேகை பதிவில் இருப்பதால், தகவல் தானாகவே உரிமம் கொடுத்த ஆணையத்துக்குப் போய்ச் சேரும். யாரும் கேட்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

*பிடிபட்டவர் எங்கே போகிறார்?* என் பார்வையில் நான்கிலும் முக்கியமான கேள்வி இதுதான். நம் பள்ளிகளில் ஒரு பழைய பழக்கம் உண்டு. புகார் வந்தால் ‘பள்ளியின் பேர் கெட்டுவிடும்’ என்று ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். கையோடு அனுபவச் சான்றும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த ஆள் பக்கத்து மாவட்டத்தில் அதே சான்றைக் காட்டி வேலைக்குச் சேர்வார். ஒரு பள்ளி தன் பேரைக் காப்பாற்றிக்கொண்டது, அடுத்த பள்ளியின் பிள்ளைகளை விலையாகக் கொடுத்து.

இங்கிலாந்தில் இந்த வழியைச் சட்டம் அடைத்திருக்கிறது. பிள்ளைக்குத் தீங்கு செய்தார் அல்லது தீங்குக்குக் காரணமாவார் என்று ஒருவரை விலக்கும் பள்ளி, அவரே முந்திக்கொண்டு ராஜினாமா செய்திருந்தாலும், டி.பி.எஸ்.ஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அவர்கள் விசாரித்துத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டால், பிள்ளைகளோடு அவர் வேலை செய்வதும் குற்றம், தெரிந்தே வேலைக்கு எடுப்பதும் குற்றம்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிவரும் ஏற்பாடு 2012 மே மாதம் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட அரசாணை எண் 121. மாணவர்களிடம் பாலியல் குற்றம் செய்யும் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்வதோடு, அவரது கல்விச் சான்றிதழ்களையும் ரத்து செய்ய அது வழிசெய்தது. 2025 தொடக்கத்தில் அரசு இந்த நடவடிக்கையை மீண்டும் கையில் எடுத்தது. எண்ணம் உயர்வானது. சான்றிதழே போனால் வேறு பள்ளியின் படி ஏற முடியாதல்லவா? ஆனால் குற்றம் நிலைபெற்ற பிறகுதான் இந்த வாள் விழும். சத்தமில்லாமல் ராஜினாமா செய்து போனவரை அது தொடாது.

நாம் முந்திய இடம்

ஒப்பிடும்போது எல்லாவற்றிலும் அயல்நாடே மேல் என்று எழுதிவிடுவது எளிது, ஆனால் உண்மை அப்படி இல்லை. 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், ஒரு விஷயத்தில் இங்கிலாந்தைவிடப் பல ஆண்டுகள் முன்னால் நின்றது. அதன் 19ஆவது பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது என்று அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் 21ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. குற்றம் செய்தவர் கல்வி நிறுவன ஊழியர் என்றால் அது கடுங்குற்றமாகக் கருதப்படும், தண்டனையும் கூடும்.

இங்கிலாந்தில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த சுதந்திர விசாரணை ஆணையம், 2022 அக்டோபரில் தன் இறுதி அறிக்கையில் பரிந்துரைத்த முக்கியமான சீர்திருத்தங்களில் ஒன்று, இதுபோலக் கட்டாயம் புகாரளிக்கும் சட்டம். அதற்கான மசோதா 2025இல்தான் அவர்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தது. இங்கிலாந்து சோதனையைக் கட்டியது, இந்தியா புகாரைக் கட்டாயமாக்கியது. சோதனை என்னும் சல்லடையில் போடக் குறிப்பு வேண்டும், குறிப்பு பிறப்பது புகாரில். ஆகவே நம்மிடம் ஊற்று இருக்கிறது, வாய்க்கால் வெட்டவில்லை. அவர்களிடம் வாய்க்கால் இருந்தது, ஊற்றுக்கு வழி தேடியது பிறகுதான்.

இரண்டும் சேர்ந்தாலும் எல்லை உண்டு. வில்லியம் வேஹி என்னும் அமெரிக்கர் 1969இல் கலிஃபோர்னியாவில் சிறுவர்களிடம் பாலியல் குற்றம் செய்ததற்காகத் தண்டனை பெற்றவர். அதன் பிறகு 40 ஆண்டுகளுக்கும் மேலாக லண்டன், மட்ரிட், ஜகார்த்தா எனப் பல நாட்டுப் பன்னாட்டுப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். 2014இல்தான் உண்மை வெளியே வந்தது. அவரது குறிப்பு ஒரு கடலையும் தாண்டவில்லை. முன்குறிப்பே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்கள் மூவர், ஒரு மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக ஒரே வழக்கில் கைதானார்கள். முதல் குற்றத்தை எந்தச் சரிபார்ப்பும் முன்கூட்டிக் காட்டாது. பிள்ளை வாய் திறந்து சொல்வதும், சொன்னதைப் பெரியவர்கள் நம்புவதுமே அங்கே காவல்.

சல்லடையின் கண்

சல்லடையின் கண் பெரிதானால் ஆபத்தானவர் நுழைவார். மிகச் சிறிதானால் நல்லவரும் வெளியே நிற்பார். இங்கிலாந்து இதையும் பட்டுத்தான் அறிந்தது. 11 வயதில் இரண்டு சைக்கிள் திருட்டுக்காகப் போலீஸ் எச்சரிக்கை பெற்ற ஒரு பையனின் சான்றில், 17 வயதில் கால்பந்து கிளப் வேலைக்குப் போனபோதும், 19 வயதில் விளையாட்டுக் கல்விப் படிப்பில் சேர்ந்தபோதும் அந்த எச்சரிக்கை வந்து நின்றது. அவர் வழக்குத் தொடுத்தார். 2013இல் பழைய, சிறிய குறிப்புகளை வடிகட்டி நீக்கும் முறை வந்தது. முன்பிருந்த ஏற்பாடு அந்த இளைஞனின் உரிமையை மீறியது என்று 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சொன்னது.

நம் உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் அவ்தார் சிங் வழக்கில் வகுத்த நெறி இதற்கு இணையானது. விண்ணப்பதாரர் உண்மையை மறைக்கக் கூடாது. அதேசமயம் இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கையும் கொடிய குற்றத்தையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. பதவியின் தன்மையையும் குற்றத்தின் தன்மையையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

சேர்வராயன் மலைக்கு இந்த நெறி மிகவும் வேண்டியது. காட்டை ஒட்டி வாழும் குடும்பத்தில் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் வனத்துறை வழக்கு ஒன்று எப்போதாவது விழுந்திருக்கலாம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக பி.எட். முடித்து, தன் ஊர்ப் பிள்ளைகளுக்கே பாடம் சொல்ல வரும் பெண்ணை அந்த வழக்கைக் காட்டித் திருப்பி அனுப்பினால், சரிபார்ப்பு பிள்ளைகளைக் காக்கவில்லை, தண்டித்துவிட்டது. பிள்ளைகளுக்கு எதிரான குற்றம், பாலியல் குற்றம், கொடும் வன்முறை, போதைப்பொருள் விற்பனை ஆகியவற்றைத் தேடுகிறோம் என்று எழுதி வைத்துத் தேட வேண்டும். கையில் அகப்பட்டதையெல்லாம் காரணமாக்கக் கூடாது.

மலைக்கு என்ன தேவை

இங்கிலாந்திலிருந்து நாம் கொண்டுவரத்தக்கவற்றில் மிகவும் மலிவானது ஒரு நோட்டுப் புத்தகம். அங்கே ஒவ்வொரு பள்ளியும் தன் பணியாளர் அனைவருக்கும் ஒற்றை மையப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். யார், எந்தச் சோதனை, எந்தத் தேதியில், சரிபார்த்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரி பார்க்கும் முக்கியமான ஆவணங்களில் அதுவும் ஒன்று. நாகலூர்ப் பள்ளிக்கும் ஏற்காட்டில் நூற்றாண்டு கண்ட உறைவிடப் பள்ளிக்கும் இதில் வித்தியாசம் வேண்டாம். ஆசிரியர், காப்பாளர், சமையலர், இரவுக் காவலர், ஜீப் ஓட்டுநர், வாரம் ஒருநாள் கராத்தே சொல்லித்தர வருபவர் என எல்லோருக்கும் ஒரு வரி. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் விவரங்கள் இப்போது எமிஸ் என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் ஏறிவிட்டன. அங்கே ஆசிரியர் பக்கத்தில் சரிபார்ப்புத் தேதிக்கு ஒரு கட்டம் சேர்ப்பது அரசுக்குப் பெரிய வேலை இல்லை.

இரண்டாவது, விசாரணை முகவரியை மட்டும் தொடராமல் வேலை பார்த்த ஊர்களையும் தொடர வேண்டும். கடைசியாகப் பணியாற்றிய பள்ளிகளின் பெயர்களை வாங்கி, அந்தந்த ஸ்டேஷனிலும் பள்ளியிலும் கேட்க வேண்டும். ‘ஏன் விலகினார்? பிள்ளைகள் தொடர்பான புகார் ஏதாவது வந்ததா?’ என்ற இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கொடுக்க முந்தைய பள்ளி கடமைப்பட்டிருக்க வேண்டும். பொய்ப் பதில் கொடுத்தால் அதற்கு அந்த நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ‘கால இடைவெளி’ என்ற சொல்லுக்கு மாநில அரசு ஓர் எண் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ, எண் இருந்தால்தான் தவறியது தெரியும். உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு அது இன்னும் குறைவாக இருப்பது நல்லது. அங்கே பிள்ளை சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவின் மடியில் விழுந்து அழ முடியாது.

நான்காவது, குறிப்பு பிறக்கும் இடத்தைக் காக்க வேண்டும். 2021இல் ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க அரசு ஆணையிட்டது. ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி வந்தது. 1098, 14417 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. சிக்னல் தேடிப் பாறைமேல் ஏற வேண்டிய இடத்தில் எண் மட்டும் போதாது. பெட்டியைத் திறக்கும் சாவி பள்ளிக்குள்ளேயே இருந்தால் பிள்ளை எழுதிப் போடாது. அந்தக் குழுவில் தாய்மார் இருவராவது மலையாளி மக்களிலிருந்து இருக்க வேண்டும். பிள்ளை வீட்டில் பேசும் பேச்சை அப்படியே புரிந்துகொள்பவர் ஒருவர் இருந்தால், பாதிச் சொல்லிலேயே விஷயம் விளங்கிவிடும்.

இந்த நான்கில் எதற்கும் புதிய சட்டம் இயற்றக் காத்திருக்க வேண்டாம். 3ஆவது விதியும் 19ஆவது பிரிவும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

நல்லாசிரியர்கள் இதனால் மனம் நோவார்களோ என்று சிலர் கேட்கிறார்கள். மலைப் பள்ளிகளில் வீட்டை விட்டு வந்து தங்கி, பிள்ளைகளின் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் ஆசிரியர்களை நான் மதிக்கிறேன். அவர்கள்மேல் நிழல் விழாமல் காப்பதும் இந்தச் சரிபார்ப்புதான். எல்லோருக்கும் ஒரே கேள்வி என்று ஆகிவிட்டால், யாரிடமும் தனியே சந்தேகப்பட்டுக் கேட்பதாக ஆகாது. அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது, காப்பித் தோட்டத்துக்குப் போகும் ஒரு தாய் தன் பிள்ளையின் கையைப் புதிய ஆசிரியரின் கையில் கொடுப்பாள். ‘எந்த ஊரு சார்?’ என்று மட்டும் கேட்பாள். அவள் கேட்காமல் விடும் அந்த மூன்றாவது கேள்வியை அவளுக்கு முன்பே அரசும் பள்ளியும் கேட்டு, பதிலை எழுதி வைத்திருக்க வேண்டும்.